மரத்தில் ஒரு ஆணி, பிடரியில் ஒரு ஆணி

பேய்க்கு ஆணி அடிப்பது நமக்குப் புதிதல்ல. பேய் பிடித்தவளின் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிரித்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்து, முடியை அறுத்து விடுவது தமிழ்நாட்டுக் கோடங்கிகளின் பழைய முறை. பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

மலாய்க்காரர்களின் பெண்பேயான பொந்தியானாக்குக்கும் மருந்து ஆணிதான். ஆனால் அந்த ஆணி மரத்தில் இறங்குவதில்லை, பேயின் பிடரியிலேயே இறங்குகிறது. இறங்கிய கணத்தில் அவள் அழகான பெண்ணாகிறாள். அடித்தவன் அவளைக் கூட்டிப் போய் மனைவியாக்கிக்கொள்கிறான். அவள் சோறாக்குகிறாள், பிள்ளை பெறுகிறாள். ஆணி கழன்றால் மட்டும் பழைய உருவம். நம் ஆணி பேயை வீட்டுக்கு வெளியே நிறுத்துகிறது. அவர்கள் ஆணி அதை அடுப்படி வரை அழைத்து வருகிறது. 1957 முதல் இன்றுவரை இந்தப் பேயை ஒவ்வொரு தலைமுறையும் திரும்பப் படமாக்குவது ஏன் என்று கேட்டால், பல்லையும் நகத்தையும் விட்டுவிட்டு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பயமுறுத்தும் பேய்கள் ஆயிரம் உண்டு. குடும்பம் நடத்தும் பேய் அரிது.

முதல் படத்தின் பெயரே ‘பொந்தியானாக்’. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் விடுதலைக்கு, நான்கு மாதம் முன்பு, 1957 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் வெளியானது. தயாரித்தது கேத்தே-கெரிஸ் நிறுவனம். அதை நிறுவிய இருவரில் ஒருவரான லோக் வான் தோ கோலாலம்பூரில் பிறந்தவர். தலைநகரில் நாம் நாள்தோறும் கடக்கும் ஜாலான் லோக் இயூ அவருடைய தந்தையின் பெயரைத் தாங்கியது. இன்னொருவர் ஹோ ஆ லோக். இயக்கியவரோ தமிழ் ரசிகர்களுக்கு வேண்டியவர்: பி. என். ராவ். ‘ரம்பையின் காதல்’ (1939), ‘பூலோக ரம்பை’ (1940), ‘மதன காமராஜன்’ (1941), ‘சாலிவாகனன்’ (1945) ஆகியவற்றை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்.

இது தற்செயலல்ல. மலாய்ப் பேசும்படத்தின் தொடக்கமான ‘லைலா மஜ்னூன்’ (1934) பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற இந்தியர் எடுத்தது. மலாய்த் திரை நட்சத்திரம் பி. ராம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ (1950) சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் இயக்கியது. மலாய் சினிமாவின் அடித்தளத்தில் சென்னை, பம்பாய்ப் பட்டறையின் கைவண்ணம் நிறையவே உண்டு. தெய்வமும் அப்சரசும் தோன்றி மறையும் மாயாஜாலப் படங்களை எடுத்துப் பழகிய ஒருவர் கையில் பொந்தியானாக் கிடைத்தது அந்தப் பேயின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். ரம்பை வானிலிருந்து இறங்கி மண்ணில் ஒருவனோடு வாழும் கதைக்கும், பேய் வாழைத் தோப்பிலிருந்து இறங்கி ஒருவனோடு வாழும் கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். இரண்டிலும் ஒரு நிபந்தனை இருக்கும். அது மீறப்படும்.

ராவின் படத்தில் நிபந்தனை இரத்தம். கதையை எழுதியவர் கதாநாயகி மரியா மெனாடோவின் அப்போதைய கணவர் அப்துல் ரசாக். கூன் விழுந்த, முகம் விகாரமான சோமெல் என்ற பெண் ஒரு கிழவரால் வளர்க்கப்படுகிறாள். அவர் சாகும்போது தம் மந்திர ஏடுகளை எரித்துவிடச் சொல்கிறார். எரிப்பதற்கு முன் அவள் ஒன்றைப் படித்துவிடுகிறாள். நிலவொளியில் மருந்து குடித்து அழகியாகிறாள், மணம் முடிக்கிறாள், குழந்தை பெறுகிறாள். இரத்தம் மட்டும் நாவில் படக்கூடாது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடுக்கும்படி அவனே கெஞ்சுகிறான்.

இந்த ஒரு காட்சிதான் படத்தின் முழு பலம். தடையை மீறியது ஆசையோ சூழ்ச்சியோ அல்ல, கணவனின் உயிரைக் காக்கும் அவசரம். பார்வையாளர் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளிடமிருந்து தப்பவும் முடியாது. சுலாவேசியிலிருந்து வந்து அன்றைய மலாய்த் திரையின் பேரழகியாகக் கொண்டாடப்பட்ட மரியா மெனாடோவையே கூனியாகவும் பேயாகவும் காட்டியது வியாபாரத் துணிச்சல். படம் ஏறத்தாழ மூன்று மாதம் ஓடியது, கேண்டனீஸ் மொழியில் ஒலி மாற்றம் பெற்று ஹாங்காங் வரை போனது. அதே ஆண்டில் ‘டெண்டாம் பொந்தியானாக்’, 1958இல் ‘சும்பா பொந்தியானாக்’ என்று ராவே இரண்டு தொடர்ச்சிகள் எடுத்தார். போட்டி நிறுவனமான ஷா சகோதரர்கள் சும்மா இருப்பார்களா? அதே 1958இல் பிலிப்பீன்ஸ் இயக்குநர் ரமோன் எஸ்டெல்லாவை வைத்து ‘அனாக் பொந்தியானாக்’ கொண்டு வந்தார்கள். எஸ்டெல்லா 1963இல் ‘பொந்தியானாக் கெம்பாலி’ எடுத்தார், மறு ஆண்டு ராவ் ‘பொந்தியானாக் குவா மூசாங்’ எடுத்தார்.

இனி, ஏட்டில் இருந்த பேய் எப்படி இருந்தது என்று பார்த்தால் சினிமா எதை மாற்றியது என்பது புரியும். சிலாங்கூரில் அரசுப் பணியில் இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மந்திர நம்பிக்கைகள் பற்றிய நூலில், பிரசவத்தில் இறந்த தாய் ‘லாங்சுயிர்’, அவளுடைய இறந்து பிறந்த பிள்ளைதான் ‘பொந்தியானாக்’. பிணம் பேயாகாமல் தடுக்க அவர் குறித்துவைத்த முறை வெகு துல்லியமானது. வாயில் நிறைய கண்ணாடி மணிகள், இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு கோழிமுட்டை, உள்ளங்கைகளில் ஊசிகள். மணிகள் இருந்தால் வாய் திறந்து அலற முடியாது. முட்டை இருந்தால் கையைச் சிறகாக வீச முடியாது. ஊசி இருந்தால் விரலை மடக்கி விரித்துப் பறக்க முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை.

பேயாகிவிட்டவளை அடக்கும் வழியும் அதில் உண்டு. பிடித்து, நீண்ட நகங்களையும் முடியையும் வெட்டி, அவளுடைய கழுத்திலுள்ள துளைக்குள் திணிக்க வேண்டும். உடனே சாதாரணப் பெண்ணாகி ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்துவாள். ஊர்க் கொண்டாட்டம் ஒன்றில் ஆட விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பிக் காட்டுக்குப் பறந்துவிடுவாள். கவனியுங்கள்: இதில் இரும்பாணி இல்லை. நகம்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் யாரோ குழம்பிவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மலாய்மொழியில் நகம் ‘கூக்கு’, ஆணி ‘பாக்கு’, குழப்பத்துக்கு இடமே இல்லை. அக்கம்பக்கத்துப் பேய்க்கதைகளில் ஆணியும் நெடுங்காலமாக இருந்துவந்தது. திரைக்கு அது மிகவும் வசதிப்பட்டது. கழுத்துத் துளையில் முடியைத் திணிப்பதைப் படமாக்கினால் அருவருப்பு மட்டுமே மிஞ்சும். ஆணி என்றால் ஒரு ஓசை, ஒரு பளபளப்பு, பிடுங்க ஒரு கை. திரைக்கதை எழுதுபவனுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஆணி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், படத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் இப்படிப்பட்ட பேயைத் திரையில் உலவவிடுவதற்குத் தொழில்நுட்பம் சில விதிகளை வைத்திருந்தது. அந்த விதிகளே பொந்தியானாக்கின் தோற்றத்தை ஓரளவு தீர்மானித்தன என்பது பலர் கவனிக்காத செய்தி.

இரவுக் காட்சியை உண்மையான இரவில் எடுக்க அன்றைய ஃபிலிமின் உணர்திறன் போதாது. பெரிய விளக்குகளும் ஜெனரேட்டரும் கம்பத்துக்குள், அதாவது மலாய்க் கிராமத்துக்குள், கொண்டு போவது பெரும் செலவு. அதனால் பகலையே இரவாக்குவார்கள். லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டு, வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காக, குறைத்து எடுப்பார்கள். சிவப்பு ஃபில்டர் நீலத்தையும் பச்சையையும் தடுக்கிறது. எனவே வானமும் வாழை இலையும் கறுத்துவிடும். வெள்ளை உடுத்திய உருவம் அந்தக் கறுப்பின் முன்னால் தனியே எழுந்து நிற்கும். வாழைத் தோப்புக்கும் வெள்ளை உடைக்கும் நாட்டு நம்பிக்கை ஒரு காரணம் தந்தது என்றால், ஃபில்டர் இன்னொரு காரணம் தந்தது.

தவறு நேரும் இடங்களும் அங்கேயே இருக்கின்றன. சிவப்பு ஃபில்டர் சிவப்பை வெளுக்கச் செய்யும். சாதாரண உதட்டுச்சாயம் காணாமல் போகும், முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். பேய்க்கு அது நல்லது, பக்கத்தில் நிற்கும் கதாநாயகனுக்கு நல்லதல்ல. அவருக்குப் பழுப்பு நிறச் சாயம் பூச வேண்டும். இரத்தமும் வெளுத்து எச்சில்போலத் தெரியும். ஆகவே கறுப்பு வெள்ளைப் படங்களில் இரத்தத்துக்குச் சாக்லேட் பாகுபோன்ற அடர்நிறத் திரவமே கைகொடுத்தது. உடையும் சுத்த வெள்ளையாக இருக்கக் கூடாது. சுத்த வெள்ளை ஃபிலிமில் ஒளி கசிந்து, மடிப்பெல்லாம் அழிந்து, வெறும் திட்டாகிவிடும். தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்த துணிதான் திரையில் வெள்ளையாகத் தெரியும். இன்னொன்று: பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தால் அதை நிலவொளி என்று எவரும் நம்ப மாட்டார். காலை ஒன்பதுக்கு முன்னாலோ மாலை நான்குக்குப் பின்னாலோ எடுத்தால்தான் நிழல் நீளும்.

முகம் மாறும் காட்சி பொறுமையைச் சோதிப்பது. காமிராவைத் தரையோடு இறுக்கி, நடிகையின் தலையைப் பின்னால் ஒரு தாங்கியில் அணைத்துவைத்து, முதல் கட்ட ஒப்பனையில் இரண்டு விநாடி, அதாவது 48 ஃபிரேம் எடுப்பார்கள். பிறகு காமிராவைத் தொடாமல் அடுத்த கட்ட ஒப்பனை: பஞ்சும் பசையும், ரப்பர்த் தோலும், பல்லும். மறுபடி 48 ஃபிரேம். ஒன்று மங்க, அடுத்தது தெளிய, இரண்டையும் மேலும் கீழுமாகக் கலந்தால் முகம் உருகி மாறுவதுபோல் தோன்றும். ஆறேழு கட்டம் என்றால் ஒரு பகல் போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பசையை விடுவித்துவிடும், ஓரம் தூக்கிக்கொள்ளும். தலை ஒரு அங்குலம் நகர்ந்தாலும் திரையில் முகம் உருகாது, துள்ளும். பழைய படங்களில் அந்தத் துள்ளலைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் கண் மட்டும் மாறாமல் அதே பெண்ணின் கண்ணாக இருப்பதையும் அங்கேதான் பார்க்கிறோம். கணினியில் வரைந்த முகத்தில் பெரும்பாலும் கண்ணும் சேர்ந்து மாறிவிடுகிறது. உள்ளே இருந்தவள் போய்விடுகிறாள். அந்த இடத்தில் புதிய படம் தோற்கிறது.

ஆணி அடிக்கும் காட்சிக்கு ஒரு சுலபமான தந்திரம் உண்டு. ஆணியின் தலையை மட்டும் வெட்டியெடுத்துப் பிடரியில் பசை வைத்து ஒட்டி, சுத்தியலை அதன்மேல் வைத்துத் தொடங்கி, வேகமாக மேலே தூக்குவார்கள். ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டினால் சுத்தியல் வந்து விழுகிறது. அடி படவில்லை, ஆபத்தில்லை. காட்டிக்கொடுப்பது முடிதான். பின்னோக்கி ஓடும்போது கூந்தல் கீழிருந்து மேலே விழும். அதனால் அந்தத் துண்டை அரை விநாடிக்கு மேல் வைக்கமாட்டார்கள்.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மறு ஆக்கங்கள் இங்கே கோட்டை விடுகின்றன. பொந்தியானாக்கின் குரல் உரக்கக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், மெல்லக் கேட்டால் பக்கத்தில் இருக்கிறாள் என்பது நாட்டு வழக்கு. கோழிக்குஞ்சு கத்துவதுபோல் மெலிந்த ஓசை காதருகே கேட்டால் ஓடிப் பயனில்லை. ஒலிக் கலவை செய்பவரின் பழக்கமோ இதற்கு நேர்மாறு: ஆபத்து நெருங்க நெருங்க ஒலியை ஏற்றுவார். திரையரங்கில் அது நாற்காலியை உலுக்கும், அவ்வளவுதான். வழக்கைப் பின்பற்றி ஒலியை இறக்கிக்கொண்டே போனால், பூச்சிகளின் ஓசையும் நின்றுபோய், கடைசியில் மிஞ்சும் அந்தச் சின்னக் கீச்சுக்கு முந்நூறு பேர் மூச்சை அடக்குவார்கள். செலவே இல்லாத உத்தி. ஏனோ கை வருவதில்லை.

மணமும் அப்படித்தான். முதலில் கெம்போஜாப் பூவின் வாசம், பிறகு பிண நாற்றம். திரை மணத்தைத் தர முடியாது. நடிகர் சட்டென்று தலையைத் திருப்பி மோப்பம் பிடிப்பதில்தான் அது வர வேண்டும். 2004இல் வந்த படம் பூவைப் பெயரிலேயே வைத்தது: ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’. ஹாரும் சுண்டால் மாலாம் என்றால் வேறொன்றுமில்லை, மாலைக்கு நாம் கேட்டு வாங்கும் நிலசம்பங்கி. இரவில் மணப்பது. நமக்குத் திருமணப் பூ, அங்கே பேயின் பூ.

அந்த 2004க்கு வருவதற்குள் ஒரு நீண்ட இடைவெளி. ஸ்டூடியோக்கள் மூடின. பிறகு வந்த ஆண்டுகளில் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்ற கவலையில் தணிக்கை இறுகியது. 1990களில் உள்ளூர்த் திகில் படம் அரிதாயிற்று. சிங்கப்பூரில் 2001இல் ‘ரிட்டர்ன் டு பொந்தியானாக்’ என்று குறைந்த செலவில் டிஜிட்டலில் ஒரு முயற்சி நடந்தது. மலேசியாவில் கதவைத் திறந்தவர் பெண் இயக்குநர் சுஹாய்மி பாபா. மாயா காரின் நடித்த மெரியம் ஒரு நடனக்காரி. வயிற்றில் பிள்ளையோடு கொல்லப்படுகிறாள், பழிவாங்கத் திரும்புகிறாள். 1957இல் பேய் உண்டானது ஒரு தடையை மீறியதால். 2004இல் உண்டானது ஓர் ஆணின் கையால். 2019இல் கிளென் கோயியும் கேவின் யாப்பும் எடுத்த ‘டெண்டாம் பொந்தியானாக்’ 1965ஆம் ஆண்டுக் கம்பத்தில் நடக்கிறது. அங்கே மாப்பிள்ளையே பழைய கொலையை மறைத்துப் புதுக் கல்யாணம் செய்பவன். குற்றவாளி வெளியாளிடமிருந்து வீட்டுக்காரனிடமே வந்து சேர்ந்துவிட்டான்.

பழையனூர் நீலி கதை தெரிந்தவர்களுக்கு இது பழகிய பாதை. கணவனால் கொல்லப்பட்டவள், கைப்பிள்ளையோடு மனைவியாகவே வந்து நின்று ஊர்ச் சபையில் நியாயம் கேட்கிறாள். நீலியையும் பொந்தியானாக்கையும் ஒன்று என்று சொல்வது அவசரம். நீலி வழக்காடி ஜெயிக்கிறாள். பொந்தியானாக்குக்கு வழக்கு மன்றம் கிடையாது, மலாய் மந்திரவாதியான போமோ உண்டு, அண்மைப் படங்களில் இஸ்லாமிய மத ஆசிரியரான உஸ்தாஸ் உண்டு. ஆனால் இருவரும் அஞ்ச வைக்கும் முன் நம்மை அவர்கள் பக்கம் சாய வைக்கிறார்கள். மலேசியத் தமிழர் இந்தப் பேயை அந்நியமாகப் பார்க்காததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் தோட்டம். விடியுமுன் தலைவிளக்கோடு பால்மரக் காட்டுக்குள் நுழைந்த தலைமுறைக்கு, லயத்துக்குப் பின்னால் நின்ற வாழைக்கூட்டமே போதும். மோகினியும் முனியும் இருந்த பட்டியலில் பொந்தியானாக்கும் இயல்பாகச் சேர்ந்துகொண்டது. கேலிக்கும் அதே பெயர்தான்: தலைவிரி கோலமாகக் கதவைத் திறப்பவளுக்கு வீட்டில் கிடைக்கும் பட்டம். கேலியை நம்பிப் பிழைத்த படங்களும் உண்டு, 2011இல் பேயைக் காதலியாக்கிய ஒன்று, 2012இல் அதை ‘எண்ணெய் மனிதன்’ எனப்படும் ஓராங் மின்யாக்கோடு மோதவிட்ட ஒன்று. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வளவு மறு ஆக்கங்களுக்கும் மூலமான 1957 படத்தை இன்று பார்க்க முடியாது என்பதுதான் வேடிக்கை. பிரதி இல்லை. ஹோ ஆ லோக் தம்மிடம் இருந்த பிரதிகளை ஈயச் சுரங்கக் குட்டையொன்றில் எறிந்துவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. எறியாமல் வைத்திருந்தாலும் பத்திரம் என்று சொல்வதற்கில்லை. அக்காலத்து அசிட்டேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். ஃபிலிம் சுருங்கி, ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பல்லுக்குப் பொருந்தாமல் போகும். குளிரூட்டிய உலர் அறை இல்லாமல் கோலாலம்பூர்க் காற்றில் சில பத்தாண்டுகள் வைத்தால் போதும். இரண்டாம் படத்துக்கும் இதே கதிதான். மூன்றாவதான ‘சும்பா பொந்தியானாக்’ பிழைத்தது. சிங்கப்பூரின் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ள கேத்தே-கெரிஸ் தொகுப்பில் அதைக் காணலாம்.

ஆகவே 2004இலும் 2019இலும் எடுத்தவர்கள் ஒரு படத்தைத் திரும்ப எடுக்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் வீட்டில் சொன்னதையே திரும்ப எடுத்தார்கள். சொல்லும்போது பாம்புக்கடி உதிர்ந்துபோனது, ஏடு உதிர்ந்துபோனது, வெள்ளை உடையும் கூந்தலும் சிரிப்பும் நின்றன. ‘சும்பா பொந்தியானாக்’ பார்ப்பவர்கள் திகைப்பது அதனால்தான். பேய் என்றால் பழிவாங்கும் என்று எதிர்பார்த்து உட்காருகிறார்கள். திரையிலோ அவள் தன் மகளைக் காப்பாற்ற வேறு அரக்கர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.